கர்ணத்தின் நட்சத்திரக் கணக்கு

2019 டிசம்பர் கடைசி வாரம். மொட்டை மாடியில் சாய்வு நாற்காலியைப் போட்டு, தலைக்கு மப்ளர் சுற்றிக்கொண்டு, கிழக்கு வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார் அந்தப் பெரியவர். மடியில் ஒரு கோடு போட்ட நோட்டு. கையில், வெளிச்சம் குறைவாக வரட்டும் என்று சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச் லைட். கீழேயிருந்து மனைவி இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். மார்கழிப் பனி எண்பத்தோரு வயது உடம்புக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் அவரால் எழுந்து போக முடியவில்லை. திருவாதிரை சரியில்லை.

ரோகிணியைப் பார்த்தார். பிறகு திருவாதிரையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். வழக்கமாக ரோகிணியைவிடப் பளிச்சென்று இருக்கும் அந்தச் சிவப்பு நட்சத்திரம் இப்போது ரோகிணிக்குக் கீழே போயிருந்தது. நோட்டில் எழுதினார். தேதி, நேரம், நட்சத்திரம், பிரகாசம். கடைசிக் கட்டத்தில்: 'நட்சத்திரம் குறைகிறது.'

அந்த நோட்டைப் பார்க்கிற எவருக்கும் ஒரு விஷயம் பட்டென்று தெரியும். அதன் கட்டங்கள் வானியல் நோட்டின் கட்டங்கள் அல்ல, கிராமக் கணக்கின் கட்டங்கள். வரிசை எண், விஸ்தீரணம், அனுபவம், சாகுபடி, ரிமார்க்ஸ் என்று ஓடுகிற அடங்கல் பதிவேட்டைப் போலவே கோடு போட்டு, தலைப்புகளை மட்டும் மாற்றியிருந்தார். கை பழகிப் போயிருந்தது. 1962-லிருந்து 22 வருஷம் அவர் கர்ணமாக இருந்தவர்.

சித்தூரிலிருந்து வேலூருக்குப் போகிற சாலையில், தமிழ்நாட்டு எல்லைக்கு முன்னால் இருக்கிறது குடிபாலா. 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவாகிறவரை இதெல்லாம் வட ஆற்காடு. 1953-இல் ஆந்திரம் பிரிந்தது. 1960 ஏப்ரலில் எல்லை இன்னொரு முறை திருத்தப்பட்டு, திருத்தணி அந்தப் பக்கம் போனது. குடிபாலா இந்தப் பக்கமே நின்றுவிட்டது. வீட்டில் தமிழ், ஆபீஸில் தெலுங்கு. கர்ணம் வீட்டில் அரிசி மூட்டை தமிழிலும், அரசாங்கக் கணக்கு தெலுங்கிலும் எழுதப்பட்டன. இரண்டு எழுத்தும் அவருக்கு முத்து முத்தாக வரும்.

1984-இல் என்.டி.ராமாராவ் அரசு, பரம்பரையாக வந்த கிராம அதிகாரிகள் முறையை ஒழித்தது. கர்ணம், முன்சீப் எல்லாம் ஒரே நாளில் முன்னாள் ஆனார்கள். பதிவேடுகளைக் கட்டி வண்டியில் ஏற்றி ஒப்படைத்துவிட்டு வந்த அன்று அவர் சாப்பிடவில்லை என்கிறார் மனைவி. கௌரவம் போனது ஒரு பக்கம். கைக்கு வேலை இல்லாமல் போனது இன்னொரு பக்கம். வயது அப்போது 46.

இரண்டு வருஷம் கழித்து ஹாலி வால்மீன் வந்தது. 1986 மார்ச் மாத விடியற்காலைகளில் ஊரே கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றது. பலருக்கு ஏமாற்றம். பேப்பரில் படித்த அளவுக்கு வால் இல்லை. இவருக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. வால்மீனைத் தேடப்போய், அதைச் சுற்றி இருந்தவை என்னென்ன என்று கேட்க ஆரம்பித்தார். சென்னைக்குப் போன உறவினர் ஒருவர் பழைய புத்தகக் கடையிலிருந்து 'நார்ட்டன்ஸ் ஸ்டார் அட்லஸ்' ஒரு பிரதி வாங்கி வந்து கொடுத்தார். அட்டை கிழிந்த புத்தகம். பிரித்துப் பார்த்தவர் அசந்துபோனார். வானத்துக்கும் எஃப்.எம்.பி. இருக்கிறது, அதற்கும் சர்வே நம்பர் போட்டிருக்கிறார்கள்!

அவருக்குத் தெரிந்த உலகத்தில் அது சரியான ஒப்புமைதான். நிலத்துக்கு நான்கு எல்லை சொல்வதுபோல நட்சத்திரத்துக்கு இரண்டு எண் சொல்கிறார்கள். வடக்கு தெற்காக எவ்வளவு தூரம், கிழக்கு மேற்காக எவ்வளவு தூரம். மூன்றாவதாகப் பிரகாசம். இந்த மூன்றையும் வரிசையாக எழுதினால் அதுதான் நட்சத்திர அட்டவணை. இரண்டாம் நூற்றாண்டில் டாலமி ஆயிரத்துச் சொச்சம் நட்சத்திரங்களுக்கு இப்படி எழுதி வைத்தார். நம் ஊர் சூரிய சித்தாந்தத்திலும் 27 நட்சத்திரங்களின் முக்கியத் தாரகைகளுக்கு இடக் கணக்கு இருக்கிறது. பஞ்சாங்கத்தில் பெயராக மட்டும் கேட்டுப் பழகிய திருவாதிரையும் ரோகிணியும் வானத்தில் ஓர் இடத்தில் இருக்கின்றன, விரல் நீட்டிக் காட்டலாம் என்பதே அவருக்கு 48 வயதில் கிடைத்த செய்தி.

ஆனால் நிலம் நகராது, வானம் நகரும். பூமியின் அச்சு பம்பரம்போல மெல்லத் தலையாட்டுவதால் நட்சத்திரங்களின் எண்கள் வருஷத்துக்குக் கொஞ்சம் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் ஒவ்வோர் அட்டவணையும் 'இன்ன வருஷத்து நிலை' என்று தேதி போட்டுத்தான் வெளிவரும். செட்டில்மெண்ட், ரீ-செட்டில்மெண்ட் என்று முப்பது வருஷத்துக்கு ஒரு முறை நிலத்தை அளந்த பரம்பரையில் வந்தவருக்கு இதைப் புரிந்துகொள்ள யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

அவரை முழுக்கப் பிடித்துக்கொண்டது சென்னையின் கதை. கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் நுங்கம்பாக்கத்தில் ஒரு வானாராய்ச்சி நிலையம் கட்டியது. கருவியைத் தாங்க ஒரு கருங்கல் தூண் நிறுத்தினார்கள். ஆயிரம் வருஷம் கழித்து வருகிறவர்களுக்கும் தெரியட்டும் என்று அந்தக் கல்லில் செதுக்கி வைத்த மொழிகளில் தமிழும் உண்டு, தெலுங்கும் உண்டு. வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிற அந்தத் தூணின் படத்தை, பெங்களூரில் இன்ஜினியரிங் படித்த பேத்தி போனில் காட்டியபோது, பெரிதாக்கி இரண்டு எழுத்தையும் படித்துப் பார்த்தார். 'நம்ம ஊர்க் கல்லு மாதிரி இருக்குது' என்றார்.

அங்கே 1830-இல் வந்து சேர்ந்த தாமஸ் கிளான்வில் டெய்லர், 13 வருஷம் இரவு இரவாக நட்சத்திரங்களை அளந்து, 11,015 நட்சத்திரங்கள் அடங்கிய அட்டவணையை 1844-இல் வெளியிட்டார். வேலை எப்படி நடந்தது என்பதைக் கேட்டால் இன்றைக்கும் மலைப்பாக இருக்கும். தொலைநோக்கி வடக்கு தெற்காக மட்டும் அசையும். நட்சத்திரம் தானாக நகர்ந்து வந்து, கண்ணாடிக்குள் கட்டியிருக்கும் மெல்லிய இழைகளை ஒவ்வொன்றாகக் கடக்க வேண்டும். பார்க்கிறவர் கடிகாரத்தின் டிக் டிக் ஓசையைக் காதால் எண்ணிக்கொண்டே, எந்த இழையை எந்த விநாடியின் எத்தனையாவது பங்கில் கடந்தது என்று மதிப்பிட்டு எழுத வேண்டும். மறுநாள் பகலில் கடிகாரத்தின் பிழை, காற்று ஒளியை வளைக்கும் அளவு, அன்றைய வெப்பம் எல்லாவற்றையும் கழித்து, கூட்டி, 1835-ஆம் வருஷத்து நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு நட்சத்திரத்துக்கு ஒரு தடவை போதாது. திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

அப்படிச் செய்தும் பிழைகள் இருந்தன. 1901-இல், டெய்லர் இறந்து அரை நூற்றாண்டு கடந்த பிறகு, டவுனிங் என்ற வானியலாளர் அந்த அட்டவணையை உட்கார்ந்து திருத்தி மறுபதிப்புக் கொண்டுவந்தார். எதற்காக என்றால், பழைய கணக்கு சரியாக இருந்தால்தான் புதிய கணக்கோடு ஒப்பிட்டு, எந்த நட்சத்திரம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று சொல்ல முடியும். செத்துப்போனவரின் பதிவேட்டை இன்னொருவர் திருத்துவது அவமரியாதை இல்லையா என்று பேத்தி ஒருமுறை கேட்டாள். 'திருத்தாம விடறதுதாம்மா அவமரியாதை' என்றார். சொல்லிவிட்டு ஏனோ சட்டென்று பேச்சை மாற்றினார்.

டெய்லரைவிட அவருக்கு நெருக்கமானவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கிற குடும்பத்தில் பிறந்து, சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் கீழ்நிலை ஊழியராகச் சேர்ந்து, நார்மன் போக்சனின் காலத்தில் முதல் உதவியாளர் வரை உயர்ந்தவர். 1867-இல் வலை என்று பொருள்படும் ரெட்டிகுலம் என்ற தென்வானக் கூட்டத்தில், பிரகாசம் ஏறி இறங்கும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். சென்னையிலிருந்து பார்த்தால் அது தெற்கு அடிவானத்தை ஒட்டிக் கொஞ்ச நேரமே தலைகாட்டும். 1868-இன் முழு சூரிய கிரகணத்தை வனபர்த்தியில் பார்த்தார். 1872-இல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினரானார். அந்தப் பெருமை பெற்ற முதல் இந்தியர் அவர். 1874 டிசம்பரில் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அதைப் பற்றி ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி இந்திய மொழிகளில் சிறுநூல் எழுதினார். 1880-இல் இறந்தார்.

போக்சனின் ஆட்கள் 1862-லிருந்து 1887 வரை அளந்த 5,303 நட்சத்திரங்களின் அட்டவணை, 1891-இல் போக்சன் இறந்த பிறகு மிச்சி ஸ்மித்தின் கையால் முடிவுக்கு வந்தது. இரவில் கண் விழித்துக் கடிகாரம் எண்ணியவர்களில் பெரும்பாலோர் சென்னைப் பட்டணத்து உதவியாளர்கள். மேலே இருப்பவர் பெயரில் பதிவேடு. உள்ளே இருப்பது கீழே இருப்பவரின் கையெழுத்து. தாசில்தார் கையெழுத்துக்காக 22 வருஷம் கணக்கு எழுதியவருக்கு இதில் மனத்தாங்கல் எதுவும் இல்லை. 'கணக்கு யார் எழுதினாங்கன்றது முக்கியமில்ல, நேர்ல போய்ப் பார்த்துட்டு எழுதினாங்களான்றதுதான் முக்கியம்' என்பார். ஐதராபாத் நிஜாமியா நிலையத்தைப் பற்றியும் அப்படித்தான். உலகத்தின் பல நிலையங்கள் வானத்தைப் பங்கு போட்டுக்கொண்டு படம் பிடித்தபோது, விட்டுப்போன துண்டுகளை ஐதராபாத் எடுத்துக்கொண்டு, லட்சக்கணக்கான நட்சத்திரங்களை அளந்து 12 தொகுதிகள் வெளியிட்டது. 1918-லிருந்து 1944 வரை அதற்கு இயக்குநராக இருந்த பாஸ்கரன் ஒரு தமிழர். அங்கே வேலை பார்த்த ஒருவரின் மகன்தான் பின்னால் காவலூர் நிலையத்தை உருவாக்கிய வேணு பாப்பு.

காவலூருக்கும் அவர் ஒரு சனிக்கிழமை போய்வந்தார். வேலூர், வாணியம்பாடி, ஆலங்காயம் என்று பஸ் மாறி மாறி, ஜவ்வாது மலைமேல். பொதுமக்களுக்குச் சின்ன தொலைநோக்கியில் காட்டினார்கள். ஓரையனின் இடுப்புக்குக் கீழே, வெறுங்கண்ணுக்கு மங்கிய புள்ளியாகத் தெரிவது, அதில் பஞ்சைப் பிய்த்துப் போட்ட மாதிரி சாம்பல் நிறத்தில் விரிந்தது. மேகம். நம் தலைக்கு மேல் போகிற மேகமல்ல, நட்சத்திரங்களுக்கு நடுவே இருக்கிற வாயு மேகம். மெஸ்ஸியே அட்டவணையில் 42-ஆம் எண்.

இந்த மேகங்களுக்கு எண் கிடைத்த விதமே வேடிக்கையானது. பிரெஞ்சுக்காரரான சார்ல்ஸ் மெஸ்ஸியே வால்மீன் வேட்டைக்காரர். வால்மீன் என்று நினைத்துப் பக்கத்தில் போனால் அசையாமல் நிற்கிற இந்தப் புகைத் திட்டுகள் அவர் நேரத்தைத் தின்றன. இவற்றைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்று ஒரு பட்டியல் போட்டார். 1781-இல் அதில் 103 இனங்கள். நம் கார்த்திகை அதில் 45-ஆவது. வேண்டாதவை என்று ஒதுக்கிய பட்டியல்தான் இன்று அவர் பெயரைச் சொல்கிறது. 1888-இல் டிரையர் தொகுத்த புதிய பொது அட்டவணையில் 7,840 இனங்கள் ஆகிவிட்டன. இவையெல்லாம் வெளிச்சம் தருகிற இனங்கள். பிரச்சினை இருட்டில் இருந்தது.

வெயில்கால இரவில் ஆகாச கங்கையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த வெள்ளை ஆறு நடுவில் இரண்டாகப் பிளந்து ஓடும். அங்கங்கே கறுப்புத் திட்டுகள். வில்லியம் ஹெர்ஷல் போன்ற மேதையே இவற்றை வானத்தில் விழுந்த ஓட்டைகள் என்றுதான் எண்ணினார். நட்சத்திரங்கள் இல்லாத காலி இடம். அமெரிக்காவில் எட்வர்ட் பார்னார்டு என்பவர், ஒன்பது வயதில் போட்டோ ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்த ஏழைப் பையனாக இருந்து வானியலாளர் ஆனவர், பால்வீதியை வருஷக்கணக்கில் படம் பிடித்தார். முதலில் அவரும் ஓட்டை என்றே நினைத்தார். படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தபிறகு மனதை மாற்றிக்கொண்டார். அங்கே ஒன்றும் இல்லாமல் இல்லை. ஏதோ ஒன்று இருக்கிறது, பின்னால் உள்ள நட்சத்திரங்களை அது மறைக்கிறது. 1919-இல் 182 கறுப்பு இனங்களுக்குப் பட்டியல் போட்டார். அவர் இறந்த பின் 1927-இல் வந்த அட்லஸில் எண்ணிக்கை 349 வரை போனது. குதிரைத் தலை மேகம் அதில் 33. 1962-இல் பெவர்லி லிண்ட்ஸ் என்ற பெண்மணி 1,802 இருண்ட மேகங்களுக்குக் கணக்கு எழுதினார். அந்தத் தூசி மேகங்களுக்குள்தான் நட்சத்திரங்கள் பிறக்கின்றன என்று பார்ட் போக் 1947-இல் ஊகித்தார். சிறிய கறுப்பு உருண்டைகளுக்குள் இளம் நட்சத்திரங்கள் இருப்பதை 1990-இல் அகச்சிவப்புக் கருவிகள் காட்டின. காலி என்று எழுதப்பட்ட இடம், பிரசவ அறையாக இருந்தது.

பார்னார்டின் கதையை அவர் முதலில் படித்தது தொண்ணூறுகளில். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். ஏன் என்று மனைவிக்கு மட்டும் தெரியும்.

ஏரிக்கரையை ஒட்டி ஒரு துண்டு நிலம் இருந்தது. 62 சென்ட். கணக்கில் அனாதீனம், அதாவது அரசாங்கத்துக்குச் சொந்தம். கணவனை இழந்த ஒரு பெண், இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு, அதில் கல் பொறுக்கி, முள் வெட்டி, மழைக்கு ஏற்றபடி வேர்க்கடலையோ கேழ்வரகோ போட்டுவந்தாள். இப்படிப்பட்ட சாகுபடியைச் 'சிவாய் ஜமா' என்று அடங்கலில் எழுத வேண்டும். அது ஒருவகையில் ஆக்கிரமிப்புக் குறிப்புதான். ஆனால் பின்னால் அரசாங்கம் நிலமற்றவர்களுக்கு டி.கே.டி. பட்டா கொடுக்கும்போது, அந்தக் குறிப்பு இருந்தால்தான் 'இவள் ஏற்கெனவே உழுது பயிர் செய்கிறாள்' என்பதற்கு ஆதாரம். அதற்காகத்தான் ஒவ்வொரு பயிர்க் காலத்திலும் கர்ணம் வரப்பு வரப்பாக நடந்து பார்த்து எழுத வேண்டும் என்று விதி.

மூன்று வருஷம் அவர் ஏரிப் பக்கம் நடக்கவில்லை. போன வருஷத்துக் கணக்கைப் பார்த்து இந்த வருஷத்துக்கு எழுதினார். 'தரிசு.' ஜமாபந்தி வந்தது, கையெழுத்து ஆனது. 1979-இல் பட்டாவுக்கு மனு வாங்கியபோது அந்தப் பெண்ணும் கொடுத்தாள். அடங்கலைப் புரட்டிப் பார்த்தார்கள். நிலம் காலி என்று இருந்தது. பட்டா வேறொருவருக்குப் போயிற்று. அவர் லஞ்சம் வாங்கவில்லை. யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. வெயிலில் ஒரு மைல் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

அவள் சண்டைக்கு வரவில்லை. ஒரே ஒரு நாள் வாசலில் வந்து நின்று, 'நான் அங்க இருந்தது உங்களுக்குத் தெரியாதா சாமி?' என்று கேட்டுவிட்டுப் போனாள். அவருக்குத் தெரியும். பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறார். ஐந்து வருஷத்தில் பதிவேடே கையை விட்டுப் போய்விட்டது. திருத்த நினைத்திருந்தாலும் பிறகு பேனா அவரிடம் இல்லை. அப்படித்தான் அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார்.

2020 பிப்ரவரியில் திருவாதிரை இன்னும் இறங்கி, எதிர்த் தோளில் இருக்கும் பெல்லாட்ரிக்ஸ் அளவுக்கு மங்கியது. உலகமெங்கும் இதே பேச்சு. வெடித்துச் சிதறப் போகிறது என்றுகூடச் செய்தி வந்தது. ஏறத்தாழ 500 முதல் 700 ஒளியாண்டு தூரத்தில், ஆயுளின் கடைசிப் பகுதியில் இருக்கிற ராட்சத நட்சத்திரம் அது. ஆருத்ரா தரிசனத்துக்குரிய நட்சத்திரம் அணைகிறதே என்று ஊரில் சிலர் பயந்தார்கள். அவர் ஒவ்வோர் இரவும் எழுதிக்கொண்டே வந்தார். கோடையில் அது பழைய நிலைக்கு வந்துவிட்டது. அதற்குள் ஊரடங்கு வந்து, உலகத்தின் பயம் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

2021 ஜூனில் விளக்கம் வெளியானது. சிலி நாட்டில் உள்ள பெரிய தொலைநோக்கியால் எடுத்த படங்களை ஆராய்ந்தவர்கள் சொன்னது இது. நட்சத்திரம் தன் உடம்பிலிருந்து ஒரு குமிழி வாயுவை வெளியே தள்ளியிருக்கிறது. மேற்பரப்பில் ஒரு பகுதி குளிர்ந்திருக்கிறது. அந்த வாயு குளிர்ந்து தூசி மேகமாகி, நமக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவில் திரை போட்டிருக்கிறது. நட்சத்திரம் சாகவில்லை. முன்னால் தூசி நின்றது.

பேத்தி போனில் படித்துக் காட்ட, அவர் பழைய நோட்டை எடுத்தார். 'நட்சத்திரம் குறைகிறது' என்ற வரியைச் சிவப்பு மையால் ஒற்றைக் கோடு போட்டு அடித்தார். அடித்தது படிக்கிற மாதிரி இருக்க வேண்டும், சுரண்டக் கூடாது என்பது கணக்கு எழுதுகிறவனின் தர்மம். பக்கத்தில் 'மறைப்பு, தூசி மேகம்' என்று எழுதி, தேதி போட்டு, சுருக்கெழுத்துக் கையொப்பமும் போட்டார். பிறகு பேத்தி இன்னொன்றும் சொன்னாள். ஐரோப்பியர்கள் அனுப்பிய கையா என்ற விண்கலம் எழுதிவருகிற கணக்கில் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும், இது எவ்வளவு தவறாக இருக்கக்கூடும் என்று இன்னோர் எண்ணும் இருக்கும்.

'தப்பு எவ்வளவுன்னு அவங்களே எழுதிடறாங்களா?'

'ஆமா தாத்தா. அது இல்லைன்னா கணக்குன்னே ஒத்துக்க மாட்டாங்க.'

அடுத்த வருஷம் வந்த மூன்றாவது வெளியீட்டில் அந்தக் கணக்கு 181 கோடி இனங்களைத் தொட்டது. ஆனால் அன்றைக்கு வீட்டில் வேறொரு பேச்சு எழுந்தது. காபி டம்ளரை எடுக்க வந்த மனைவி சிவப்பு மையைப் பார்த்துவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார். 'எங்கயோ இருக்கிற நட்சத்திரத்துக்குத் திருத்தம் போட்டாச்சு. ஏரிக்கரைக்காரிக்கு எப்பங்க?'

அவர் பதில் சொல்லவில்லை. நான்கைந்து நாள் மாடிக்குப் போகவில்லை. பிறகு ஒரு வெள்ளைத் தாள் எடுத்து, தமிழில் ஒன்றும் தெலுங்கில் ஒன்றுமாக எழுதினார். இன்ன வருஷம் முதல் இன்ன வருஷம் வரை கர்ணமாக இருந்த நான், இன்ன சர்வே நம்பரில் 62 சென்ட் நிலத்தை நேரில் பார்வையிடாமல் தரிசு என்று எழுதினேன். அது தவறு. அந்த மூன்று வருஷமும் அங்கே சாகுபடி நடந்தது. செய்தவர் பெயர் இன்னது. பெயரை எழுதும்போது கை நடுங்கியது என்றார் மனைவி. 40 வருஷத்துக்கு முன்பு எந்தக் கட்டத்தில் எழுதியிருக்க வேண்டுமோ, அந்தப் பெயர்.

அந்தப் பெண் இறந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. மகன் பெங்களூரில் கொத்தனார். மகள் மட்டும் ஊர்க்கோடியில் இருந்தாள். பேத்தி ஸ்கூட்டரில் உட்காரவைத்துக் கூட்டிப் போனாள். போகிற வழியில் அவர் ஏரிக்கரையைப் பார்த்தார். அந்தத் துண்டு கைமாறிக் கைமாறி, கல் நட்டு மனைகளாகப் பிரிந்திருந்தது. சென்னை-பெங்களூர் அதிவேகச் சாலை குடிபாலா வழியாக வருகிறது என்ற செய்திக்குப் பிறகு இந்தப் பக்கம் எல்லா நிலத்துக்கும் விலை.

'இன்னா ஐயா, நீங்க எதுக்கு இவ்ளோ தூரம்? சொல்லியனுப்பினா நானே வந்திருப்பேனே' என்று மகள் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே தாளைப் படித்தார். குரல் நடுவில் இரண்டு இடத்தில் நின்றது. அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறியது. கோபமா, அழுகையா என்று பேத்தியால் சொல்ல முடியவில்லை.

'இத வெச்சி நிலம் வருமா ஐயா?'

'வராதும்மா.' பொய் சொல்லவில்லை. 'வக்கீல் கிட்ட கேட்டேன். கஷ்டம்னு சொல்லிட்டாரு. ஆனா கேஸ் போடறதுன்னா போடு. எங்க கூப்பிட்டாலும் நான் வந்து சொல்றேன்.'

அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். 'எங்கம்மா சாவுற வரைக்கும் சொல்லிக்கினே இருந்தாங்கோ, நான் அங்க பயிர் வெச்சேன், யாரும் நம்பலன்னு. நாங்களே நம்பல ஐயா. கிழவி ஏதோ பேசுதுன்னு விட்டுட்டோம்.' தாளை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும் அம்மாவின் பெயர் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னாள். பேத்தி விரல் வைத்துக் காட்டினாள். அவளும் அந்த இடத்தில் விரல் வைத்தாள். பிறகு தாளை ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தாள். போகும்போது மோர் கொடுத்தாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

இப்போதும் பனிக்காலம் வந்தால் அவர் மாடிக்கு ஏறுகிறார். யாராவது கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சாலை விளக்குகளின் வெளிச்சத்தில் பால்வீதியின் கறுப்புத் திட்டுகள் குடிபாலாவிலிருந்து முன்போல் தெரிவதில்லை. திருவாதிரை தெரிகிறது. நோட்டில் தேதி, நேரம், பிரகாசம் எழுதுகிறார். கடைசிக் கட்டத்துக்கு முன்னால் புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறார். மேகம், நிலா வெளிச்சம், கண் மங்கல் எதுவானாலும், அன்றைக்குத் தன் கணக்கு எவ்வளவு தவறாக இருக்கக்கூடும் என்று அதில் எழுதிவிட்டுத்தான் கீழே இறங்குகிறார்.